பட்டமா, பயிற்சியா, பக்கத்து வகுப்பா?

நாலு பத்துக்குப் பள்ளி மணி. நாலு இருபத்தைந்துக்குப் பேருந்து. அதை விட்டால் இராமநாதபுரம் போக ஐந்தே முக்கால் வரை காத்திருக்க வேண்டும். "மாலையில் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பேசலாமே" என்று ஆலோசனை சொல்லும் யாருக்கும் நான் தரும் பதில் இந்த நேர அட்டவணைதான். எங்கள் கடற்கரைப் பள்ளிகளில் ஆசிரியர்கள் பேசிக்கொள்வதெல்லாம் பேருந்தின் கடைசி இருக்கையில். வரிசையாக ஆறு பேர், மடியில் ஆறு கைப்பை, அதற்குள் காலி டிபன் டப்பாவும் திருத்தாத நோட்டுகளும்.

அந்த இருக்கையில்தான் எங்கள் பள்ளியின் இளைய டீச்சர் ஒரு நாள் கேட்டாள். (எனக்குத் தங்கை மாதிரி. அதனால் 'கேட்டாள்' என்றே எழுதுகிறேன்.) "அக்கா, இந்த வருசம் ஏதாவது ஒண்ணு உருப்படியாப் படிக்கணும். தொலைநிலையில எம்.ஏ. சேரவா, ஸ்வயத்துல ஏதாவது கோர்ஸ் எடுக்கவா, இல்ல டயட் பயிற்சிக்குப் பேரு குடுக்கவா?"

(ஸ்வயம் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம். டயட் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்.) கைப்பையிலிருந்து எம்.ஏ. விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக் காட்டினாள். பாதி நிரப்பியிருந்தது. அன்றைக்கு உச்சிப்புளி தாண்டும்வரை யோசித்தும் எனக்குச் சரியான பதில் வரவில்லை. பிறகு பல நாள் யோசித்து, சிலவற்றைச் செய்தும் பார்த்து, இப்போது எழுதுகிறேன். பத்தொன்பது வருடப் பள்ளிக்கூடக் கணக்கு இது. இன்னொருவர் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். ஆசிரியர் தகுதித் தேர்வு, 'டெட்' என்பார்களே, அது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பணி இருப்பவர்கள், தகுதித் தேர்வு வருவதற்கு முன்பே வேலைக்கு வந்திருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் அதில் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டும் என்றால் அவர்களும் எழுத வேண்டும். அன்று மாலை எங்கள் பேருந்தில் யாரும் பேசவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் 2007ல் வேலைக்கு வந்தவள் நான். ஓய்வுக்கு இன்னும் பதினான்கு வருடம். கணக்கு யாருக்கும் புரிந்ததுதான்.

ஆகவே இந்த வரிசையில் இருப்பவர் யாராக இருந்தாலும், எம்.ஏ.வா ஸ்வயமா என்ற கேள்வியை மடித்து உள்ளே வைத்துவிட்டு முதலில் அந்தத் தேர்வைப் பாருங்கள். அதைத் தொட்டு வரும் அரசாணைகளையும் வழக்கு நிலவரத்தையும் நாளிதழில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கான முதல் தாளில் 150 கேள்வி. அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும். மீதி தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றுக்கும் 30. "இத்தனை வருசம் பாடம் நடத்தினவங்களுக்கு எதுக்கு இது" என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோபத்துக்கு மதிப்பெண் இல்லை.

எங்கள் பள்ளியில் இதனால் ஒரு விநோதம் நடந்தது. இளையவள் தகுதித் தேர்வில் தேறித்தான் வேலைக்கே வந்தவள். நாங்கள் மூன்று பேர் தேறாதவர்கள். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவும் இருபது நிமிடத்தில் அவள் எங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். பியாஜே, வைகோட்ஸ்கி என்று குழந்தை உளவியல் அறிஞர்கள். "ரெண்டு பேருமே 1896ல பொறந்தவங்க அக்கா, ஒண்ணா ஞாபகம் வச்சுக்கங்க." பியாஜேயின் நான்கு நிலைகளை நான் மாற்றி மாற்றிச் சொல்ல, என் மகள் வயதை நெருங்கும் பெண் பொறுமையாகத் திருத்துவாள். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. மூன்றாம் வாரம் கூச்சம் போய்விட்டது. அது போனதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் வழி விட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, இனி அவள் கேட்ட மூன்றுக்கு வருவோம். நான்காவதாக ஒன்றை நானே சேர்த்திருக்கிறேன்.

தொலைநிலைப் பட்டம்

எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீண்டுகொண்டே போனதற்குக் காரணம் அறிவுத் தாகம் மட்டும் என்று சொன்னால் அது பொய். உயர்கல்வி முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. பி.ஏ. முடித்தால் ஒன்று, பி.எட். முடித்தால் இன்னொன்று என்று கணக்குப் போட்டுப் படித்தோம். 2020 மார்ச்சில் அந்த முறை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பட்டத்தின் பணக் கணக்கே மாறிவிட்டது. இது தெரியாமல் பழைய ஆட்கள் பேச்சைக் கேட்டு விண்ணப்பம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பட்டத்தால் ஆவது என்ன? பாட அறிவு. அது சின்ன விஷயம் இல்லை. ஆறு முதல் எட்டு வரை வரலாறு எடுக்கும் என் தோழி எம்.ஏ. படித்த பிறகு அவள் வகுப்பில் எங்கள் சீமையை ஆண்ட சேதுபதிகள் உயிரோடு நடமாட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அவர்கள் கோடிட்ட இடத்தை நிரப்பும் பெயர்கள்தான். பதவி உயர்வுப் பட்டியலில் பாடத்துக்கான பட்டம் தேவைப்படுபவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985லிருந்து இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லிருந்து. வேலையில் இருந்தபடியே படிக்க இரண்டும் தோது. ஒரே ஒரு எச்சரிக்கை: சேருவதற்கு முன் துறையிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். முடித்துவிட்டு அனுமதி கேட்டுப் பல வருடம் பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இளையவள் எடுப்பது மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தலில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை எந்த எம்.ஏ.வும் அவளுக்குச் சொல்லித் தராது. இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகள், ஒப்படைப்புகள், மதுரைக்கோ எங்கேயோ தேர்வு மையம். மூன்றாம் வகுப்புக்குத் திரும்பி வரும்போது அதே கழித்தல் அதே இடத்தில் காத்திருக்கும்.

இணையப் படிப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்வயம், பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் தளமான தீக்ஷா, இரண்டுமே 2017ல் வந்தவை. தீக்ஷாவில் ஆசிரியர்களுக்கான பாடங்கள் இலவசம், தமிழிலும் உண்டு. ஸ்வயத்தில் படிப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம். நேரம் நம் கையில். செலவு கிட்டத்தட்ட இல்லை. அலைச்சல் அறவே இல்லை.

பிறகு என்ன குறை? நாம்தான் குறை. காணொளியை ஓட விட்டுவிட்டு வெங்காயம் நறுக்கியவர்கள் கை தூக்கினால் என் கையும் அதில் இருக்கும். கடைசியில் வரும் வினாவுக்கு வாட்ஸ்அப் குழுவில் விடை சுற்றும். கட்டாயம் என்று வந்த படிப்புகளில் இது நிறைய நடந்தது. நானே விரும்பி எடுத்த ஒரே ஒரு பாடம், எழுத்துகளை முன்பின் மாற்றி வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றியது, இன்றுவரை கைகொடுக்கிறது. காரணம், அந்த வருடம் என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். கேள்வி கையில் இருக்கும்போது இணையம் நல்ல வாத்தியார். கேள்வி இல்லாமல் போனால் அது வெறும் சான்றிதழ் அச்சகம்.

குறுவள மையமும் மஞ்சூரும்

டயட் என்று நாம் சுருக்கிச் சொல்லும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், எங்கள் மாவட்டத்தில் மஞ்சூரில் இருக்கிறது, பரமக்குடிப் பக்கம். 1986 தேசியக் கல்விக் கொள்கையில் பிறந்த நிறுவனங்கள் இவை. பரமக்குடிக்காரர்களுக்கு மஞ்சூர் பக்கத்து வீடு. இராமேசுவரத்துக்காரர்களுக்கு? இராமநாதபுரம் வருவதற்கே 55 கிலோமீட்டர், அதற்கப்புறமும் இன்னொரு பேருந்து. தங்கச்சிமடத்திலிருந்து விடிய முன்னால் கிளம்பி வந்து, பதினோரு மணிக்குக் கண் சொக்கும் ஆசிரியரைக் கருத்தாளர், அதாவது பயிற்சி நடத்துபவர், திட்டக் கூடாது.

குறுவள மையப் பயிற்சி அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு பள்ளி ஆசிரியர்கள், பக்கத்திலேயே ஒரு பள்ளியில், பெரும்பாலும் சனிக்கிழமை. இதைக் குறை சொல்வது எங்கள் தேசியப் பொழுதுபோக்கு. காரணமும் இல்லாமல் இல்லை. ஒரு பயிற்சியில் மின்சாரம் போய்விட்டது. கருத்தாளர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அதில் மின்சாரம் இருக்கும்வரை, திரையில் இருந்ததை வரி விடாமல் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். தலைப்பு: செயல்பாட்டின் வழியே கற்பித்தல்.

இருந்தும் நான் குறுவள மையத்துக்குச் சண்டை போடாமல் போகிறவள். அதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, அங்கே கையில் தருவது மறுநாளே வகுப்பில் பயன்படும். 2022 ஜூனில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியபோது முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்தச் சொன்னார்கள். தாளில் படித்தபோது எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்துப் பள்ளி டீச்சர் தரையில் மூன்று பாய் விரித்து எங்களையே பிள்ளைகளாக்கி நடத்திக் காட்டியபோதுதான் விளங்கியது. இரண்டாம் வகுப்பு மொட்டாக நான் நன்றாகவே நடித்தேன்.

இரண்டாவது காரணம் தேநீர் இடைவேளை. எங்கள் நிலம் மண்டபம் என்ற ஊரை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். காற்று மாறினால் ஒரு கடல் கொந்தளிக்கும், மற்றது படுத்துக் கிடக்கும். வத்தை என்கிற சின்னப் படகு வைத்திருக்கும் சில குடும்பங்கள் காற்றுக்குத் தகுந்தாற்போல் கரை மாறுவார்கள். பிள்ளைகளும் கூடவே போவார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி வருடத்தில் சில வாரம் காணாமல் போவாள். நான் 'நீண்ட விடுப்பு' என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சனிக்கிழமை, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே வடகடல் பக்கத்து டீச்சர் ஒருவர், "எங்க ஸ்கூல்ல ஒரு புள்ள, பேரு பதிவேட்டுலயே இல்ல, அத்த வீட்டுல இருந்துக்கிட்டு வந்து உக்காந்துக்குது, நல்லாப் படிக்குது" என்றார். பெயர் கேட்டேன். அதே பிள்ளை. பெயர் என் பதிவேட்டில், பிள்ளை அவர் வகுப்பில்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு நோட்டு போகிறது. அவள் இங்கே எதுவரை படித்தாள் என்று நான் எழுதி அவள் பையிலேயே கொடுத்தனுப்புவேன். அங்கிருந்து வரும்போது அவர் எழுதி அனுப்புவார். இதை எந்தப் பயிற்சிக் கையேடும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி என்ற பெயரில் எங்களை ஒரே அறையில் உட்கார வைக்காமல் இருந்திருந்தால் இது நடந்தும் இருக்காது. குறுவள மையத்துக்கு நான் போடும் மதிப்பெண்ணில் பாதி அந்தப் பிஸ்கட்டுக்கு.

குறை எங்கே என்றால், திங்கட்கிழமை. சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை வகுப்பில் செய்து பார்க்கும்போது கூட யாரும் இல்லை. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு பேர் 1980களிலேயே இதைச் சொன்னார்கள்: கோட்பாட்டைச் சொல்லி, நடத்திக் காட்டி, பயிற்சி அறையில் செய்ய வைத்தாலும் போதாது. வகுப்புக்குத் திரும்பிய பிறகு பக்கத்தில் ஒருவர் நின்று பழக்கினால்தான் கற்றது ஒட்டும். ஆசிரியர் பயிற்றுநர்கள் வருகிறார்கள். ஆனால் ஒருவர் தலையில் அத்தனை பள்ளி. வருவதற்குள் எமிஸ் என்கிற இணையத் தகவல் பதிவு, கற்றல் விளைவுப் படிவம் என்று அவர்கள் பையில் வேறு வேலைகள் ஏறிவிடுகின்றன.

பக்கத்து வகுப்பு

அந்தத் திங்கட்கிழமைக்கு ஆள் எங்கே என்று தேடினால், பத்தடி தூரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். பத்தொன்பது வருடத்தில் நான் என் சக ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்துவதை முழுதாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. சாக்பீஸ் கடன் வாங்கப் போவேன், அவ்வளவுதான். டான் லோர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975ல் பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் தட்டோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி. ஒன்றோடு ஒன்று உரசாது, உடையவும் செய்யாது. எங்கள் ஓட்டுக் கட்டடத்தைப் பார்த்துச் சொன்னது மாதிரியே இருக்கிறது.

எங்கள் பக்கம் ஆசிரியர்களைப் பற்றி எழுதினால் கலாம் அவர்களைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். இராமேசுவரத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கிவிட்டு, புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துப் போய்க் காட்டினார். எல்லா ஆசிரியர் தின விழாவிலும் இந்தக் கதை உண்டு. எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சந்தேகம் வரும். அன்றைக்கு அவர் வெளியே போனபோது பள்ளியில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள்? "சரி, போய்ட்டு வாங்க சார், இங்க நாங்க பாத்துக்கிறோம்" என்று யாராவது சொன்னார்களா? அப்படிச் சொல்ல ஒருவர் இல்லாத பள்ளியிலிருந்து யாரும் கடற்கரைக்குப் போக முடியாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும்.

மதியப் பியாஜே வகுப்பில் கூச்சம் போனது என்றேனே, அதன் பிறகுதான் இளையவளிடம் கேட்டேன்: "ஒரு நாள் என் வகுப்புல வந்து உக்காரியா?" அவள் பதறிவிட்டாள். "நான் எப்படிக்கா உங்களப் பாக்குறது!" வயது குறைந்தவர் பெரியவர் வகுப்பைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கத்தில் இல்லை. உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் அதிகாரி, பார்த்தால் குறிப்பேடு, குறிப்பேடு என்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ். அந்தப் பயம் எல்லோர் எலும்பிலும் ஊறிக் கிடக்கிறது.

அதனால் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவள் என்னைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்வேன், அதை மட்டும் பார்க்க வேண்டும். எழுதிய தாள் என்னிடம் வந்துவிடும், எச்.எம். மேசைக்குப் போகாது. பேருந்திலும் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. அன்றைக்கே பத்து நிமிடம் பேச வேண்டும், முதலில் வாய் திறப்பவள் நான். ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேலாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதே மாதிரி ஒன்றைச் செய்கிறார்கள். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, திருத்தி, இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துவார்கள். நாங்கள் செய்தது அதன் ஏழைத் தங்கை.

ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள். "நான் யார் யாரைக் கேள்வி கேட்கிறேன் என்று மட்டும் பார்" என்றேன். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் வட்டம் போட்டேன். அது சப்பாத்தி. நாலாக வெட்டினேன். ஒரு துண்டு எவ்வளவு? கால். இரண்டு துண்டு? அரை. வகுப்பு கணீரென்று பதில் சொன்னது. நன்றாகப் போனதாகவே நினைத்தேன்.

இடைவேளையில் தாளைக் கொடுத்தாள். வகுப்பின் படம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு. ஜன்னலோரம் நாலு பேர் கட்டத்தில் கோடுகள் வேலி மாதிரி நிற்கின்றன. கதவோரம் ஐந்து பேர் கட்டம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு கோடு இல்லை. அந்த ஐந்து பேர் பெயரை எழுதியிருந்தாள். எல்லோரும் கரையோரத் தெருப் பிள்ளைகள், தாமதமாக வந்து கிடைத்த இடத்தில் உட்காருகிறவர்கள். நான் யாரையும் ஒதுக்குகிறவள் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். தாள் வாதாடவில்லை, சும்மா இருந்தது.

பேச வேண்டியவள் நான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "பதில் தெரிஞ்சவங்ககிட்டத்தான் கேட்டிருக்கேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, ஒப்பந்தத்தை மீறி ஒன்று சொன்னாள்: "சப்பாத்திய யாரும் நாலா வெட்டித் திங்கிறதில்லக்கா. பங்குன்னு சொல்லிப் பாருங்களேன்."

நான் பரமக்குடிக்காரி. அவள் கடற்கரையில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வட்டத்தை அழித்துவிட்டு ஒரு நாட்டுப்படகைக் கடலுக்கு அனுப்பினேன். மீன் 6,000 ரூபாய்க்கு விலை போனது. டீசலும் ஐஸும் 2,000. மீதி 4,000. அதில் பாதி படகுக்கும் வலைக்கும். மற்றப் பாதி நாலு ஆளுக்கு. (ஊருக்கு ஊர், படகுக்குப் படகு இந்தக் கணக்கு மாறும். இது நான் வகுப்புக்காக எளிதாக்கியது.) மீதியில் ஓர் ஆளின் பங்கு எத்தனையில் ஒன்று? ஜன்னலோரம் அமைதி. கதவோரத்திலிருந்து ஒரு பையன், எழுந்திருக்காமலே சொன்னான்: "எட்டுல ஒண்ணு டீச்சர். மடி கிழிஞ்சிருந்தா அதுவும் வராது." (மடி என்றால் மீன் சேரும் வலைப் பை.)

பாதியில் பாதி கால், காலில் பாதி அரைக்கால் என்று அதற்கு மேல் நான் சிரமப்படவில்லை. அவர்களே பிரித்துக்கொண்டார்கள், வாய்ச்சண்டையோடு.

எங்கே இது நடக்காது

பக்கத்து வகுப்புதான் சிறந்தது என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மீதி வகுப்புகள் என்ன ஆகும்? ஒருவர் பயிற்சிக்குப் போனாலே மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அந்தப் பள்ளிகளுக்கு என் யோசனை கைப்பேசி. மேசையில் வைத்துப் பதினைந்து நிமிடம் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள். படம் வேண்டாம், பிள்ளைகள் முகம் ஊர் சுற்ற வேண்டியதில்லை. வீட்டில் கேளுங்கள். நான் கேட்டபோது, கேள்வி கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன் என்று தெரிந்தது. பொறுத்துக்கொள்ளக் கடினமான குரல்.

ஆசிரியர் அறை பிளந்து கிடக்கும் பள்ளியிலும் இது நடக்காது. சங்கம் வேறு, சாதிப் பேச்சு, யார் எமிஸ் வேலை செய்வது, யாருக்கு ஒன்றாம் வகுப்பைத் தள்ளிவிடுவது என்று ஆயிரம் புகைச்சல். அங்கே எச்.எம். ஒரு சுற்றறிக்கை போட்டு, "வாரம் ஒருவர் மற்றவர் வகுப்பைப் பார்வையிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும்" என்றால் விஷயம் அன்றோடு செத்துவிடும். பதிவேடு மட்டும் அழகாக நிரம்பும். ஆண்டி ஹார்கிரீவ்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் இதற்குச் 'செயற்கைக் கூட்டுறவு' என்கிற மாதிரி ஒரு பெயரே வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட பள்ளியில் இருப்பவர்கள் முதலில் வேறு ஏதாவது சின்னதில் ஆரம்பியுங்கள். ஒரே வினாத்தாளைச் சேர்ந்து எழுதுவது, ஒரு கட்டு நோட்டை மாற்றித் திருத்துவது. அதுவும் முடியாவிட்டால் குறுவள மையத்தில் வேறு பள்ளி ஆள் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வடகடல் டீச்சர் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

இளையவளுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான். எம்.ஏ. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த வருடம் வேண்டாம். மேல் வகுப்புக்குப் போக வேண்டும் என்று மனதில் முடிவு வந்த பிறகு, அந்தப் பாடத்தில் சேர். இணையத்தில் ஒரே ஒரு படிப்பு, உன் வகுப்பில் உன்னைத் தூங்க விடாத ஒரு பிள்ளையைப் பற்றியதாகப் பார்த்து எடு. குறுவள மையத்துக்கு வா, தேநீர் இடைவேளையில் எங்கள் பள்ளிக்காரர்களோடு உட்காராதே. மஞ்சூர் பயிற்சிக்கு உள்ளே தங்கும் வசதியோடு அழைப்பு வந்தால் மட்டும் பேர் கொடு. மற்றபடி மாதம் ஒரு முறை, ஒரு பாடவேளை, நீ என் வகுப்பில், நான் உன் வகுப்பில்.

"உங்க வகுப்ப யாரு பாப்பா?" என்று எச்.எம். கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, தனக்கும் பாடம் நடத்தி ரொம்ப நாளாகிவிட்டது, ஒரு பாடவேளை தானே எடுப்பதாகச் சொன்னார்.

வரும் புதன்கிழமை ஐந்தாம் பாடவேளை அவள் வகுப்புக்குப் போகிறேன். மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். பத்துகள் இடத்தில் பூஜ்யம் வரும்போது பிள்ளைகள் விரலை எங்கே கொண்டு போகிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். நாற்காலி வேண்டாம், பாயிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். எம்.ஏ. விண்ணப்பம் இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.